படியோலையும் மூலவோலையும்

சிறு குழந்தைக்குக் கற்பித்தல் எளிது. அது சொன்னதை நம்பும். முதிர்ந்தோர்க்குக் கற்பித்தலும் எளிது. அவர் தாமே வேண்டி வந்து கேட்பர். இவ்விரு பருவத்திற்கும் இடையே நிற்போர்க்குக் கற்பித்தலே அரிது. அவர் சொன்னதை அப்படியே நம்பார். தாமாக வந்து கேட்கவும் மாட்டார். பண்டைத் தமிழ்நூலார் இப்பருவத்தின் இயல்பை நன்குணர்ந்தவர். மகளிரில் 12, 13 வயதினரை மங்கை என்றும், 14 முதல் 19 வயது வரையுள்ளாரை மடந்தை என்றும் வகுத்தனர். ஆடவர்க்கும் மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை எனப் படிப்படியாகப் பெயர் வைத்தனர். சில ஆண்டுகளுக்குள்ளே இத்துணைப் பெயர்கள் வேண்டப்பட்டமையே, அப்பருவத்தார் நேற்றிருந்தவாறு இன்று இரார் என்பதனைக் காட்டும்.

சமயக் கல்வியையும் மேற்கொண்ட பள்ளியில் இவ்வருமை இருமடங்காகும். கணக்கில் பிழைத்த மாணாக்கனைத் திருத்துதற்குச் சரியான விடை ஒன்றுண்டு. அதனைக் காட்டினால் போதும். திருநீறு ஏன் அணிதல் வேண்டும், திருமுறை ஏன் ஓதுதல் வேண்டும் என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாணாக்கனுக்கு எதனைக் காட்டுவது? கட்டாயப்படுத்தினால் உடல் வணங்கும், உள்ளம் வணங்காது. அவன் விருப்பம் என்று விட்டுவிட்டால் ஆசிரியன் கடமை வழுவும். அன்பைக் கட்டளையிடல் கூடுமோ? கூடாதெனின், கட்டளையிடாதிருத்தலுக்கும் கைவிடுதலுக்கும் வேறுபாடு யாது? இதுவே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு ஆரணி நகரம் தக்கதோர் இடமாகும். கமண்டல நாகநதியின் கரையிலே புதுக்காமூரில் புத்திரகாமேட்டீசுவரர் திருக்கோயில் உள்ளது. தசரதன் மகப்பேறு வேண்டி வழிபட்ட தலம் என்பது அதன் தலவரலாறு. இன்றும் பிள்ளைப்பேறு வேண்டுவோர் அங்கே வந்து வழிபடுகின்றனர். அதே நகரம் பட்டு நெசவாற் புகழ்பெற்றது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை நெய்யும்போது, ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளுதற்கு நெய்வோர்க்கு அருகே மற்றொருவர் வேண்டும். பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் அவ்விடம் நெடுங்காலம் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. ஆகவே, பிள்ளை வேண்டும் என்று வேண்டிநின்ற கோயிலும், அப்பிள்ளையின் கையை வேண்டிநின்ற தறியும் ஓரூரிலேயே அமைந்தன. பிள்ளையைப் பெறுதல் ஒரு வரம். பெற்ற பிள்ளையை ஆளாக்குதல் வேறொரு வரம் என்பது அவ்வூரார் நன்கறிந்த செய்தி.

சட்டம் இவ்விடயத்திற் செய்த நன்மை சிறிதன்று. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 2009-ஆம் ஆண்டில் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டில் முன்னைச் சட்டம் திருத்தப்பெற்று, 14 வயதிற்குட்பட்டாரை எத்தொழிலிலும் வேலைக்கமர்த்தலாகாது என்பது பொதுவிதியாயிற்று. ஆயினும் ஒன்று நோக்குக. கல்விச் சட்டம் கைகொடுப்பது 6 முதல் 14 வயது வரையே. தொழிற் சட்டத்தின் முழுத் தடையும் 14 வயது வரையே. அதன்மேல் 18 வயது வரை, அபாயமானவை என்று பட்டியலிட்ட தொழில்களே விலக்கப்பட்டன. எனவே, பிள்ளையைப் பள்ளியில் இருத்திய கை, தொழிலினின்றும் விலக்கிய கை என்னும் இரண்டில், முன்னது 14 வயதில் எடுக்கப்படும். பின்னது அவ்வயதிலேயே பெரிதும் தளரும். மடந்தைப் பருவமும் அவ்வயதிலேயே தொடங்குகின்றது. சட்டம் கையை எடுக்குமிடத்தில் ஆசிரியன் கை இல்லையாயின், அப்பிள்ளையைப் பற்றிநிற்பது வீட்டின் வறுமை ஒன்றே.

அற்றேல், பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பள்ளி வழிபாட்டிற்கு வாராது நின்றுவிடுதலும், பள்ளிக்கே வாராது நின்றுவிடுதலும் ஒன்றோ எனின், இரண்டும் வேறேயாயினும் அவற்றின் வேர் பலகால் ஒன்றேயாம். தன்னை ஒருவரும் தனியாக அறியவில்லை, தன் கேள்வியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்னும் எண்ணமே அவ்வேர். அதனைக் களையாது கிளைகளை வெட்டுவதாற் பயனில்லை.

இனி, பழைய மரபு இது பற்றிக் கூறுவது யாது? நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் விரித்துரைக்கின்றது. மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பகுத்து, அன்னமும் பசுவும் தலை மாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கும், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கும் உவமையாகக் காட்டுகின்றது. அதன்மேல், சோம்பலுடையான், செருக்குடையான், சினமுடையான் முதலிய பலரைப் பாடங்கேட்டற்கு உரியரல்லர் என்றும் விலக்குகின்றது. இன்றைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அப்பட்டியலைக் கையிற்கொண்டு தம் வகுப்பினுள் நோக்குவராயின், விலக்கத்தக்கார் போக எஞ்சுவோர் மிகச் சிலரேயாவர். சோம்பலும் செருக்கும் சினமும் சிறிதுமில்லாத பதினைந்து வயதினர் யாண்டுளர்?

இதனால் நன்னூலார் கூற்று பிழைபட்டது என்று கொள்ளற்க. அவர் கூறியது, நூற்பொருளை ஆழ்ந்து கேட்டற்கு உரியாரைத் தேர்ந்து கொள்ளும் முறை. மடத்துப் பாடசாலைகள் அவ்வாறே தேர்ந்து கொண்டன. ஊர்ப் பள்ளியோ தேர்ந்து கொள்வதன்று. வந்தாரை ஏற்றுக் கொள்வது. மடம் பக்குவம் நோக்கும், பள்ளி பக்குவப்படுத்தும். முன்னதன் விதியைப் பின்னதற்கு உரியதாக்கி, இவன் பக்குவமில்லாதவன் என்று ஒரு மாணாக்கனை ஒதுக்கும் ஆசிரியர், தாம் மேற்கொண்ட தொழில் இன்னதென்பதையே மறந்தவராவர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். சைவசித்தாந்தத்தின்படி, மலபரிபாகமும் இருவினையொப்பும் வந்தவழியன்றோ சத்திநிபாதம் நிகழும்? பக்குவம் வாராமுன் ஆசிரியன் செய்யத்தக்கது யாதுளது? காத்திருத்தலே முறையன்றோ? என்பது அத்தடை. அதற்கு விடை வருமாறு: பக்குவம் வந்தவழியே அருள் வெளிப்படும் என்பது உண்மை. ஆனால் பக்குவம் தானே வருவதன்று. இறைவன் இயற்றும் ஐந்தொழில்களுள் மறைத்தல் என்பது ஒன்று. அதனைச் செய்யும் திரோதான சத்தி, தன்னைக் காட்டாது உயிரோடு உடன்நின்று, மலத்தைத் தொழிற்படுத்தி, உலக நுகர்ச்சிகளிற் செலுத்தி, மெல்ல மெல்லப் பக்குவத்தை விளைக்கின்றது. மலத்தைத் தொழிற்படுத்தல் பற்றி உபசாரமாக மலம் என்றும் அதற்குப் பெயருண்டு. பக்குவம் வந்தபின் அச்சத்தியே அருட்சத்தியாய் விளங்கும். ஆகவே பக்குவத்திற்கு முன் இறைவன் சும்மா இருக்கின்றான் என்பது சித்தாந்தமன்று. மறைந்திருந்து தொழில் செய்கின்றான் என்பதே சித்தாந்தம். ஆசிரியனும் அவ்வாறே மறைந்துநின்று தொழில் செய்தற்கு உரியன். கட்டளையிடுவோன் வெளிப்பட நிற்கின்றான். கைவிடுவோன் நீங்கி நிற்கின்றான். பக்குவப்படுத்துவோன் நீங்காது மறைந்து நிற்கின்றான். மேலே வினாவிய வேறுபாட்டிற்கு விடை இதுவே.

இவ்வுண்மைக்குத் திருத்தொண்டர் புராணத்திலே தடுத்தாட்கொண்ட வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் மணப்பருவம் எய்தி, புத்தூரிலே மணக்கோலத்துடன் இருக்கின்றார். இறைவன் தன் உருவைக் காட்டி வரவில்லை; தளர்ந்த வேதியனாக மறைந்து வருகின்றான். நீ எனக்கு வழிவழி அடியவன் என்கின்றான். இளையவர் நகைக்கின்றார், பித்தன் என்று இகழ்கின்றார். அதன்மேலும் சென்று, வேதியன் கையிலிருந்த ஓலையைத் துரத்திப் பற்றிக் கிழித்தெறிகின்றார். எல்லாம் அறிந்த இறைவன் என்செய்தான்? சினந்து தண்டித்தானில்லை. மனம் வெறுத்து மீண்டானுமில்லை. கிழிந்தது படியோலையே, மூலவோலை வேறுண்டு என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் வழக்கைக் கொண்டுசென்றான். அங்கே மூலவோலை காட்டப்பட்டது. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய பிற ஓலையோடு அதன் எழுத்து ஒப்புநோக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டபின், இகழ்ந்து சொன்ன அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்று இறைவன் பணித்தான். வன்றொண்டன் என்னும் பெயரும் அவ்வன்மை பற்றியே அவர்க்கு வாய்த்தது.

இவ்வரலாற்றினைப் பதின்பருவத்து மாணாக்கரை வளர்ப்போர் ஒருகால் ஊன்றி நோக்குக. இளைஞன் கிழிப்பது படியோலை. வகுப்பில் ஓதும் வழிபாடு, நெற்றியில் இடும் நீறு, பண்டிகை நாளில் கைகட்டி நிற்றல் என்னும் இவையெல்லாம் அவன் கண்ணுக்குப் பிறர் தன் கையிற் கொடுத்த படியோலைகள். அவை தன்னைப் பிணிக்க வந்தன என்று கருதி, அவன் ஒருநாள் அவற்றைக் கிழிக்கின்றான். கிழித்தவுடன் எல்லாம் போயிற்று என்று நடுங்கும் ஆசிரியர், தம்மிடத்து மூலவோலை இல்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவராவர். உயிர்க்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பு மூலவோலை. அதனை எந்த இளைஞனாலும் கிழித்தல் இயலாது. அத்தொடர்பின் உண்மையில் ஆசிரியருக்கு உறுதி இருக்குமாயின், படியோலை கிழிந்ததற்காக அவர் கையில் பிரம்பு எழாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவையத்தார் ஓலையின் உண்மையைத் துணிந்தது அதிகாரத்தாலன்று; பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே துணிந்தனர். இக்காலத்து இளைஞனும் அவ்வொப்புமையையே தேடுகின்றான். ஆசிரியர் வாயாற் சொல்லும் சமயமும், அவர் ஒழுக்கத்தில் எழுதியிருக்கும் சமயமும் ஒரே கையெழுத்தாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுகின்றான். எல்லா உயிர்க்கும் இறைவன் ஒருவனே என்று கற்பிக்கும் ஆசிரியர், பட்டு வணிகர் மகனுக்கு ஒரு முகமும் கூலிக்கு நெய்வோர் மகனுக்கு வேறொரு முகமும் காட்டுவராயின், அக்கணமே இரு கையெழுத்தும் வேறென்பது தெரிந்துபோம். அதன்பின் ஆயிரம் பதிகம் ஓதுவித்தாலும் வழக்கு தோற்றதே.

அற்றேல், இளைஞர் எது செய்யினும் பொறுத்திருத்தல் வேண்டும் என்பதோ கருத்து எனின், அன்று. அவ்வரலாற்றின் பெயரே தடுத்தாட்கொண்டது என்பதன்றோ? தடுத்தலும் அங்கே உண்டு. இறைவன் இகழ்ச்சியைப் பொறுத்தான், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியனும் கேள்வியைப் பொறுத்தல் வேண்டும், கேட்டைப் பொறுத்தலாகாது. கடவுள் உண்டோ என்று ஒருவன் கேட்பது கேள்வி. தன்னினும் எளியானை அடிப்பதும், கள்ளுக்கும் புகைக்கும் கைநீட்டுவதும், கைப்பேசியிலே பிறர் மானத்தைப் பரப்புவதும் கேடு. இவ்விரண்டனையும் ஒரே பிரம்பால் அளக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே கேள்வி கேட்பவன் கேடனாக்கப்படுகின்றான். வாய்மூடிய கேடன் நல்லவனாக எண்ணப்படுகின்றான். கேள்வியைத் தடுத்து கேட்டினைப் பொறுக்கும் அம்முறை, தடுத்தாட்கொண்ட முறைக்கு நேர்மாறானது.

தடுக்குமிடத்தும் முறை உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் தண்டித்தலையும் மனத்தால் வருத்துதலையும் விலக்கியது. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் ஏற்போ பொருளுதவியோ பெற்ற பள்ளியிற் பயில்வாரை, இசைவின்றிச் சமயபோதனைக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று வகுத்தது. சிறுவராயின் காப்பாளர் இசைவு வேண்டும். இவை சமயக் கல்விக்கு இடையூறு என்று வருந்துவோர் உளர். வருந்துதற்கு இடமில்லை. அடியால் விளையும் அச்சத்தைச் சைவம் அன்பென்று கொண்டதில்லை. ஓலையைக் காட்டுக, அவையில் வழக்குரைக்க, சான்று தருக என்பதே இறைவன் கைக்கொண்ட நெறியாயின், ஆசிரியனுக்கு அதனின் மேம்பட்ட படைக்கலம் எதற்கு?

இவ்வினா சைவர்க்கு மட்டும் உரியதன்று. யூத சமயத்தாரிடையே ஆண்பிள்ளை 13 வயதிலும், பெண்பிள்ளை மரபுப்படி 12 வயதிலும், சமயக் கட்டளைகளைத் தானே மேற்கொள்ளும் பொறுப்பினை அடைதல் வழக்கம். மகன் அப்பருவம் எய்தும் நாளில், அவன் செயலுக்குரிய பொறுப்பினின்றும் தம்மை விடுவித்தமைக்காகத் தந்தை இறைவனைத் துதித்தலும் அவர் மரபு. மகன் தன் ஓலையைத் தானே ஏற்கும் நாள் அது எனலாம். ஆனால் பொறுப்பு அவனுடையதாகும் அந்நாளிலேதான் ஆசிரியர்க்கு வேலை மிகுகின்றது. அதுவரை ஏவியவாறு செய்தவன், இனித் தானே விரும்பிச் செய்தல் வேண்டும். அவ்விருப்பத்தை ஏவலால் உண்டாக்க இயலாது.

அவர்தம் பஸ்கா விழாவின் முதல் இரவில் வீட்டார் அனைவரும் உணவுக்கு அமர்ந்து ஓதும் நூலில் நான்கு பிள்ளைகள் கூறப்படுகின்றனர். ஒருவன் அறிவுடையவன், ஒருவன் தீயவன், அவ்வழிபாடு உங்களுக்குரியது, எனக்கன்று என்பதுபோலத் தன்னைப் புறத்தே நிறுத்திக் கேட்பவன், ஒருவன் எளிய உள்ளத்தினன், ஒருவன் கேட்கவும் அறியாதவன். நால்வர்க்கும் வெவ்வேறு விடை சொல்லப்படும். இரண்டாமவனுக்குச் சொல்லப்படும் விடை கடுமையானதே. ஆயினும் அவனும் அவ்விரவில் அம்மேசையிலே இருக்கின்றான். வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டானில்லை. நான்காமவனுக்கோ, அவன் கேளாதிருக்கவும் தந்தையே தொடங்கிச் சொல்லுதல் வேண்டும். நன்னூலின் மாணாக்கர் பகுப்போடு இதனை ஒப்பிட்டால், ஒன்று தேர்வுக்கு உரியது, மற்றொன்று குடும்பத்துக்கு உரியது என்பது விளங்கும். பதின்பருவத்தார்க்குப் பள்ளி இரண்டாவதனை ஒத்திருத்தல் வேண்டும். எதிர்த்துக் கேட்பவனுக்கும் ஓரிடம் வேண்டும். கேளாது கடைசி வரிசையில் இருப்பவனுக்கு ஆசிரியரே தொடங்கிப் பேசுதல் வேண்டும். எதிர்ப்பவனை எல்லா ஆசிரியரும் காண்கின்றனர். மௌனமாய் இருப்பவனே காணப்படாமற் போகின்றான். தறியின் பக்கத்தில் முதலிற் போய் உட்காருபவனும் பெரும்பாலும் அவனே.

யூதருடைய பள்ளி ஒன்று கல்கத்தாவில் 1881-ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பெற்றது. காலப்போக்கில் அவ்வூர் யூதர் பிறநாடுகளுக்குச் சென்றுவிட, இன்று அங்கே பயில்வோருட் பெரும்பாலார் முகமதியப் பெண்பிள்ளைகளே. தொடங்கியவர் சமயத்துப் பிள்ளைகள் இல்லாதொழிந்தும் பள்ளி நிலைத்தது. பிறர் பிள்ளையையும் தம் பிள்ளையாகக் கற்பிக்கும் பள்ளி தன் சமயத்தின் கையெழுத்தைச் செயலால் எழுதுகின்றது. அஃது ஓதுவித்து எழுதும் எழுத்தினும் உறுதியானது.

சுவர் எழுப்பிச் சமயத்தைக் காத்தல் இயலாது என்பதற்கு யாழ்ப்பாணத்து வரலாறே சான்று. 1822-ஆம் ஆண்டில் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர், தம் இளமையைப் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் மிசன் பள்ளியிற் கழித்தார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். விவிலிய மொழிபெயர்ப்பிலும் பாதிரியார்க்குத் துணைநின்றார். அப்பள்ளியினின்றே வெளிவந்து, 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒன்றை நிறுவினார். 1832-ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ கிறித்தவக் குடும்பத்திலே தோன்றி, வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர்ச் சைவம் தழுவிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அப்பள்ளிகள் அவர்க்குக் கொடுத்த கல்வி உண்மையானது; அதற்கு நன்றி கூறுதல் தகும். ஆனால் கல்வி கொடுத்த கையால் உள்ளத்தின் ஓலையை எழுதுதல் இயலவில்லை. இந்நியாயம் சைவப் பள்ளிகட்கும் ஒக்கும். சைவப் பள்ளிச் சுவருக்குள்ளே பயின்றமையால் மட்டும் ஒருவன் சைவனாகான்.

அற்றாயின் எதனால் ஆவான்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள் வாழ்க்கை இதற்கு விடைகூறும். 1855-ஆம் ஆண்டிற் பிறந்த உ. வே. சாமிநாதையர், தம் 16 வயதளவில் அவரிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1876-ஆம் ஆண்டில் ஆசிரியர் இறுதியெய்தும் வரையில் உடனிருந்தார். அதே ஆசிரியரிடம் சவேரிநாதபிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கரும் இருந்தார். சைவத்தில் ஆழ்ந்த புலவராகிய பிள்ளையவர்கள், அவருடைய சமயத்தை மாற்றுமாறு கேளாமலே அவர்க்குத் தமிழ் கற்பித்தார். தம் வீட்டுப்பிள்ளைபோல் வைத்திருந்தார். ஆசிரியரின் இறுதிப்பொழுதில் சாமிநாதையர் திருவாசகம் ஓத, சவேரிநாதபிள்ளை உடனிருந்து தாங்கினார் என்பது அறியப்பட்ட செய்தி. சமயம் வேறாயினும் ஆசிரியருக்கு வேண்டிய திருவாசகம் ஒலிக்கும்போது விலகாது தாங்கிய அம்மாணாக்கர் கையே, அவ்வாசிரியர் எழுதிய மூலவோலை.

இனி, இப்பருவத்தார்க்கு ஆசிரியராவோர் நீக்கவேண்டிய குற்றங்களும் நன்னூலிலேயே உள்ளன. ஆசிரியராகாதார்க்கு அந்நூல் நான்கு உவமை காட்டும். கழற்சிக்காய் பெய்த குடம், இட்ட முறையிலன்றி வந்த முறையிற் கொட்டும். பதிகத்தின் இனிமையைச் சுவைக்குமுன்னே பதி பசு பாசத்தின் தருக்கத்தைத் திணிப்போர் அக்குடம் போல்வர். மடல் நிறைந்த பனை, தானாக உதிர்த்தாலன்றி ஒருவரையும் அணுகவிடாது; முகத்தைக் கண்டே மாணாக்கர் அஞ்சும் ஆசிரியர் அப்பனை. பஞ்சு அடைத்த குண்டிகை, உள்ளிருப்பதைச் சிறிது சிறிதாகவே தரும். பெரியவனானால் தெரியும் என்று ஒவ்வொரு கேள்வியையும் தள்ளிவைப்போர் அக்குண்டிகை. வளைந்த தெங்கு, நீர்வார்த்தவன் இருக்க வேறொருவன் வேலிக்குள்ளே காய் உதிர்க்கும். முதன்மை மதிப்பெண் பெறுவோர்மேலும் பரிசுப் போட்டிமேலும் கருத்தைச் செலுத்தி, தம்மை நம்பியிருக்கும் எளிய மாணாக்கரை மறப்போர் அத்தெங்கு. இந்நான்கும் எப்பருவத்தார்க்கும் தீங்கே. பதின்பருவத்தார்க்கோ மீளாத் தீங்கு. சிறுபிள்ளை ஆசிரியர் குற்றத்தை மறக்கும், முதிர்ந்தோர் மன்னிப்பர், இடைப்பருவத்தார் அக்குற்றத்தையே சமயத்தின் குற்றமாகக் கொள்வர்.

தீக்கைகளுக்கு ஆன்றோர் கூறும் உவமையும் இவ்விடத்து உதவும். பறவை தொட்டு அணைத்து முட்டையைப் பொரிக்கும். மீன் நோக்கிப் பொரிக்கும். ஆமை கரையிலே முட்டையை வைத்து நீங்கி நினைந்தே பொரிக்கும் என்பர். குழந்தையை வளர்ப்பது பறவை முறை, அணைப்பு வேண்டும். சற்று வளர்ந்த சிறுவனை வளர்ப்பது மீன் முறை, பார்வை வேண்டும். தோளுக்குமேல் வளர்ந்தவனைத் தோழன் என்று உலகம் கூறும். அவனுக்கு அணைப்பு நாணத்தைத் தரும், இடையறாத பார்வை வேவு எனப்படும். அவனை வளர்ப்பது ஆமை முறை. விலகியிருத்தல் வேண்டும், நினைவு மட்டும் ஒருகணமும் விலகலாகாது. விலகுதல் எளிது, நினைதலே அரிது. விலகிய ஆசிரியர் பலர். விலகியும் நினைந்திருந்த ஆசிரியரே மாணாக்கர் உள்ளத்தில் நிற்கின்றனர்.

இவ்வுண்மையை ஆரணிப் பட்டும் ஒருவாறு காட்டும். பட்டிழையைச் சுற்றி இயற்கையாகவே ஒரு பசை உண்டு. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அதுவே. அதனைப் போக்கினாலன்றிப் பட்டுக்கு மென்மையும் ஒளியும் வாரா. சாயமும் நன்கு பற்றாது. ஆயினும் இழையை முறுக்கேற்றும் வரையில் அப்பசையை வைத்திருப்பர். முறுக்கும்போது இழை சிதையாமற் காப்பது அதுவே. முறுக்கேறியபின் சவர்க்காரமும் சோடாவும் கலந்த வெந்நீரிலிட்டுப் பசையைப் போக்குவர். கொதி குறைந்தால் பசை நில்லாது நீங்குவதில்லை. மிகுந்தால் இழையே வலிமை கெடும். உவமை ஒருபுடையே கொள்ளப்படும். பசையை மலமென்று முற்றும் ஒப்பிடுதல் கூடாது. இளைஞனுடைய முரட்டுத்தனத்திலும் ஒரு பங்கு, அவன் தன்னறிவு முறுக்கேறும் வரையில் தன்னைக் காத்துக்கொள்ளும் பசை என்பதே இதனாற் பெறப்படும் பொருள். அதனைக் காலமல்லாக் காலத்திற் கொதிக்கும் நீரில் இடுவோர், பசையோடு இழையையும் இழப்பர்.

தறியிலே ஒரு பாவு முடிந்து மறுபாவு தொடங்கும்போது, பழைய பாவின் முனைகளோடு புதுப்பாவின் முனைகளை ஒவ்வோரிழையாகப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளாயினும், கற்றையாகச் சேர்த்து முடிச்சிடும் வழி இல்லை. ஒரு தலைமுறையின் சமயம் அடுத்த தலைமுறையோடு பிணைவதும் அவ்வாறே. வகுப்பு முழுவதையும் ஒரு மணியோசையில் நிறுத்தி ஓதுவித்தல் நன்று. ஆனால் பிணைப்பு அங்கே நிகழ்வதில்லை. பள்ளிக்கு வாராத மாணாக்கன் வீட்டுக்கு ஆசிரியர் சென்று, தறிப்பள்ளத்தருகே திண்ணையில் அமர்ந்து, தந்தையின் கடன் எவ்வளவு, பிள்ளையின் கருத்து யாது என்று கேட்டறியும் மாலைப்பொழுதிலேதான் ஓரிழை பிணைகின்றது. எதிர்த்துக் கேட்டவனை மறுநாளும் முகமலர்ந்து பெயர்சொல்லி அழைக்கும்போது இன்னோரிழை பிணைகின்றது. நீறணிய மறுத்தவன் துன்புற்ற நாளில் அவனைத் தேடிச் சென்று உடனிருக்கும்போது மற்றோரிழை பிணைகின்றது. இவற்றுள் ஒன்றேனும் பாடத்திட்டத்தில் எழுதப்படுவதில்லை. தேர்விலே மதிப்பெண் பெறுவதுமில்லை.

இவ்வாறு செய்தும் சில இளைஞர் திரும்பாமற் போதல் கூடும். அதுபற்றி ஆசிரியர் தம் உழைப்பு வீணாயிற்று என்று எண்ணுதற்கில்லை. மறைந்து நின்று தொழில் செய்யும் சத்தி ஒரு பிறவியோடு தன் தொழிலை நிறுத்திக்கொள்வதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. ஆசிரியர் கடமை, படியோலை கிழிபட்ட நாளிலும் மூலவோலையைத் தம் ஒழுக்கத்திலே சிதையாது வைத்திருத்தல். ஒப்பிட்டுப் பார்க்க இளைஞன் என்று வரினும் எடுத்துக்காட்டும் நிலையில் இருத்தல். அவன் நாளை வரலாம். நாற்பது ஆண்டு கழித்தும் வரலாம். வந்தபொழுது, அவன் இகழ்ந்து சொன்ன சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்று சொல்லும் உள்ளம் ஆசிரியர்க்கு இருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.